அசையாத கோடு

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இழுவை என்று பெயர். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் இழுவை. வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. அவருடைய வேலையே இழுப்பதுதான். தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் நாரை ஒரு குட்டி இடுக்கியின் இரண்டு தாடைகளுக்கும் நடுவே பசை வைத்து மாட்டி, பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, நார் அறுந்துபோகிற எல்லை வரைக்கும் இழுத்துக்கொண்டே இருப்பார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர் வாய். ஒரே வாக்கியத்தில் முடிகிற சமாசாரத்தை அவரிடம் போய்க் கேட்டுவிட்டால் தீர்ந்தது கதை. மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பியவர்கள் மாலை டீக்குத்தான் போய்ச் சேருவார்கள்.

ஆனால் மனிதர் தொழிலில் கெட்டி. அதை அவருடைய எதிரிகூட மறுக்கமாட்டான். இழுபடுகிற நாரின்மேல் நுண்ணோக்கி வழியாக ஒரு பச்சை லேசரைப் பாய்ச்சுவார். நாருக்குள் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருப்பவை. பட்டுத் திரும்புகிற ஒளி அந்த அதிர்வின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு வரும். கணினித் திரையில் அது மலைத்தொடர் மாதிரி கோடுகளாக எழும்பி நிற்கும்; ஒவ்வொரு கோடும் ஓர் அதிர்வு. நாரை இழுத்தால் கோடு இடம் மாறும். தந்திக் கருவியில் கம்பியை முறுக்கினால் சுருதி ஏறும் அல்லவா, இங்கே தலைகீழ்: இழுக்க இழுக்க இறங்கும். கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, உள்ளே சங்கிலியின்மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று சொல்லிவிடலாம். நார் வாயைத் திறந்து 'எனக்கு இவ்வளவு வலிக்கிறது' என்று சொல்கிற மாதிரிதான்.

இழுவைக்குப் பெயரும் புகழும் வாங்கித் தந்தது ஒரு சின்ன மேடு. நாரை இழுக்கும்போது பெரிய கோடு நகர்ந்து போகும். அது முன்பு நின்ற அதே இடத்தில் ஒரு குட்டிக் கோடு மட்டும் அப்படியே நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் அசையாது. அதைப் பார்த்த அன்று இழுவைக்குத் தலைகால் புரியவில்லை. நாருக்குள் ஒரு கூட்டம் சங்கிலிகள் பாரமே சுமக்காமல் சும்மா நிற்கின்றன, மற்றவை அவற்றின் பங்கையும் சேர்த்துச் சுமந்து சாகின்றன என்று சொன்னார். 'சோம்பேறிச் சங்கிலிகள்' என்று பெயரும் வைத்தார். போகிற கருத்தரங்குகளில் எல்லாம் ஒரே கதை.

"என் மச்சான் ஒருத்தன் இருக்காங்க. வீடு மாத்தும்போது பீரோ தூக்க வருவான். நாலு பேர் மூச்சு முட்டத் தூக்குவோம். அவன் கைய மட்டும் வச்சிருப்பான். ஆனா மூஞ்சி நம்மளவிட அதிகமாச் சுருங்கியிருக்கும். அந்த மச்சான்தாங்க இந்தக் கோடு!"

அரங்கம் சிரிக்கும். விஷயம் மச்சானின் காதுக்கும் போனது. ஆளுக்குக் கோபம் வரவேண்டுமே? வரவில்லை. தன்னைப் பற்றி விஞ்ஞானிகள் எல்லாம் பேசுகிறார்கள் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தான்.

உயரமான கட்டடங்களில் தொங்கியபடி வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக் கயிற்றுக்கான நார் அது. சோம்பேறிகளை ஒழித்துவிட்டால் கயிறு இன்னும் பலமாகும் என்று ஆய்வுக்கூடம் ஒரு திட்டத்தையே போட்டது. அதற்கென்று ஓர் இளம்பெண்ணை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். டாக்டர் பட்டம் முடித்துவிட்டு வந்தவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் பாதி வாக்கியத்தில் நிறுத்தி யோசித்துவிட்டு மீதியைச் சொல்வாள். இழுவையோடு வேலை செய்ய இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா என்று எல்லோரும் சிரித்துக்கொண்டார்கள்.

அவள் செய்த முதல் காரியம், இழுவையின் அளவீட்டை ஆரம்பத்திலிருந்து திரும்பச் செய்து பார்த்தது. பெரிய கோடு அழகாக நகர்ந்தது. சோம்பேறிக் கோடு வரவில்லை. வேறு சுருளிலிருந்து நார் எடுத்துப் பார்த்தாள். வரவில்லை. தயங்கித் தயங்கி அவரிடம் வந்து சொன்னாள்.

"இடுக்கியில நார் வழுக்கியிருக்கும்மா. பசை காயறதுக்குள்ள இழுத்திருப்ப."

"இல்ல சார். வழுக்கினா..." அவள் நிறுத்தி யோசித்தாள். "வழுக்கினா பெரிய கோடே நகராதே சார். அது நல்லா நகருது."

சரியான பதில். அதனால்தான் அவருக்கு எரிச்சல் வந்தது. தப்பான பதிலைச் சொல்லியிருந்தால் பொறுமையாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் விளக்கியிருப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் அவர்.

மாதாந்திரக் கூட்டத்தில் அவள் தன் படத்தைப் போட்டுக் காட்டினாள். பெரிய கோடு நகர்ந்துபோன இடம் வெறுமையாகக் கிடந்தது. டைரக்டர் அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், உங்க மச்சானக் காணோம்?" என்றார். எல்லோரும் இழுவையைப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் சூடேறியது. என்ன சொல்வது என்று தெரியாதபோது அவர் சிரிக்கவைத்துவிடுவார். அன்றைக்கும் அதையே செய்தார்.

"அது ஒண்ணுமில்ல மேடம். சில பேருக்கு சுவிட்ச் போட்ட உடனே எரியும். சில பேரு ட்யூப்லைட். கொஞ்ச நேரம் மினுக்கி மினுக்கித்தான் எரிவாங்க. நம்ம டாக்டரம்மாவுக்கு சுவிட்ச் போட்டாச்சு. எரியட்டும், வெயிட் பண்ணுவோம்."

அறையே குலுங்கியது. டைரக்டர் அம்மாகூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண் திரையில் இருந்த படத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். "ட்யூப்லைட் வந்தாச்சா?" "ட்யூப்லைட் கிட்ட குடு, மெதுவாப் பார்ப்பாங்க." கேன்டீனில் அவளுக்குத் தட்டை நீட்டுகிறவர்கூட அப்படித்தான் சொன்னார், அதுதான் அவள் பெயரென்று நினைத்துக்கொண்டு.

அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதாக டைரக்டர் அம்மா சொல்லிவிட்டார். "திட்டமே அந்தக் கோட்டை நம்பித்தான் இருக்கு. அதையே உங்களால பார்க்க முடியலன்னா நான் என்ன பண்றது? திங்கட்கிழமை கொண்டு வாங்க. சார் சரின்னா எனக்கும் சரி." ஆக, அவள் பிழைப்பு இழுவையின் வாயில் இருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். லேசர் அறைக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டவர் இழுவைதான். கதவைச் சாத்து, விளக்கை அணை, அப்புறம் அள. ஏனென்றால் அந்தக் கருவி ஒரு குருட்டு விசுவாசி. உள்ளே வருகிற ஒளி எல்லாவற்றையும் நம்பிவிடும். நாரிலிருந்து வந்ததா, தலைக்கு மேல் எரிகிற விளக்கிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. வந்த புதிதில் இதில் கோட்டைவிடாத மாணவர்களே கிடையாது. இழுவை அவர்களை வறுத்தெடுத்திருக்கிறார். கதவின் வெளிப்பக்கம் 'விளக்கை அணைத்தாயா?' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு, அந்தக் குட்டிக் கோட்டைப் பார்ப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு, கண்ணில் கோளாறு வந்தது. கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. எல்லோருக்கும் அந்த வயதில் வருவதுதான். ஆனால் தலைமுடியைவிட மெல்லிய நாரை வெறுங்கண்ணால் மாட்டுகிறவர் என்று பேர் வாங்கியவராயிற்றே. மூக்கில் கண்ணாடி ஏறினால் மானம் கப்பலேறிவிடும் என்று நினைத்தார். மனைவி ஒரு கண்ணாடியை வாங்கி, அவர் பைக்குள் தினமும் வைத்து அனுப்புவாள். அவரும் தினமும் அதைத் தொடாமல் திரும்பக் கொண்டுவருவார்.

"கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்களேன். என்ன குடியா முழுகிப்போச்சு?" என்பாள்.

"எனக்கா தெரியல? உன் நாத்தனார் வீட்டு மாடியில காயப்போட்ட துணிய இங்கருந்தே எண்ணுவேன்."

"துணி தெரியும். நேத்து உப்பு டப்பாவ எடுத்து டீயில கொட்டினீங்களே, அது தெரிஞ்சுதா?"

கண்ணாடிக்குப் பதிலாக இழுவை ஒரு வழி கண்டுபிடித்தார். கருவி மேஜைக்கு மேலே ஒரு சின்ன ட்யூப்லைட்டைத் தொங்கவிட்டுக்கொண்டார். அந்த வெளிச்சத்தில் நாரை மாட்டிவிட்டு அணைத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் இழுக்கும்போது நார் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சரி, இந்த ஒருமுறை எரியட்டும். சின்ன விளக்குதானே. அடுத்தமுறையும் எரிந்தது. பிறகு அது எரிகிறது என்பதே அவர் மனதில் இல்லாமல் போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அளப்பவர், யார் பார்க்கப்போகிறார்கள்? வெளியே வரும்போது மட்டும் பழக்கதோஷத்தில் கை சுவிட்சை அணைத்துவிடும். அதற்குப் பிறகு போகிற அந்தப் பெண் அவர் சொல்லிக்கொடுத்தபடி இருட்டிலேயே அளப்பாள்.

வியாழக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். கட்டடம் முழுக்கப் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், மேஜைக்கு மேல இருக்கறதையும் மாத்திடறேன். இது கண்ணுக்கு நல்லது."

"என் கண்ணுக்கு என்னய்யா?"

"ஐயோ, பொதுவாச் சொன்னேன் சார்." அவர் பழைய விளக்கைக் கம்பியோடு கழற்றி வெளியே தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, புதியதை மாட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் காட்டுவதற்காக இழுவை ஒரு நாரை மாட்டி இழுத்தார். புது வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. பெரிய கோடு நகர்ந்தது. அது நகர்ந்துபோன இடத்தில் ஒன்றுமில்லை.

நார் வழுக்கியிருக்கும் என்று நினைத்தார். வழுக்கினால் பெரிய கோடே நகராதே என்று ஒரு குரல் உள்ளுக்குள் சொன்னது. அது யாருடைய குரல் என்று தெரிந்ததால் அதை அடக்கிவிட்டு, புது நார் மாட்டினார். பசை காய்வதற்கு நேரம் கொடுத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். வரவில்லை. நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். புது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எரிந்துகொண்டிருந்தது!

எழுந்து தாழ்வாரத்தில் ஓடினார். தள்ளுவண்டி மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றது. தன் பழைய விளக்கைத் தேடி எடுத்தார்.

"அது எதுக்கு சார்? குப்பைக்குப் போறது" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஒரு வேலை இருக்கு. தந்துடறேன்."

அறைக்குத் திரும்பி, எல்இடியை அணைத்துவிட்டு, பழைய விளக்கை மேஜைக்கு மேல் சாய்த்துவைத்து, பிளக்கைச் செருகினார். அது வழக்கம்போல நாலைந்து தடவை மினுக்கி மினுக்கி எரிந்தது. திரையில் சோம்பேறிக் கோடு வந்து நின்றது. அணைத்தார். போய்விட்டது. போட்டார். வந்தது. கடைசியில் இடுக்கியைத் திறந்து நாரையே எடுத்துவிட்டார். வெறும் தாடைகள், நடுவில் காற்று. மறுபடி அளந்தார். பெரிய கோடு இல்லை, மலைத்தொடர் இல்லை. அந்த ஒரு குட்டிக் கோடு மட்டும் வெட்டவெளியில் ஜம்மென்று நின்றது. ட்யூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரச ஆவியின் ஒளி, நாரின் கோடு எழும்புகிற அதே இடத்தில் வந்து விழுந்திருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் அது அசையாததில் என்ன அதிசயம்? விளக்கை யார் இழுத்தார்கள்?

அடப்பாவி மனிதா என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். முதல் வருஷ மாணவன் செய்கிற தப்பு. அதற்காக எத்தனை பேரை நிற்கவைத்து வறுத்திருக்கிறார்! கருத்தரங்க மேடைகளும், கைதட்டலும், மச்சான் கதையும் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. அவற்றைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 'ட்யூப்லைட்' என்று அவர் அந்தப் பெண்ணைச் சொன்னதும், அவள் படத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தபோது, வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அந்த அறையில் அன்றைக்கு ட்யூப்லைட் வெளிச்சத்தை நாரின் கோடு என்று நம்பாமல் இருந்தது அவள் ஒருத்திதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? விளக்கைக் கொண்டுபோய்த் தள்ளுவண்டியில் திரும்ப வைத்தார். "கொண்டுபோய்ப் போட்டுடுங்க" என்றார். யாரும் பார்க்கவில்லை. இனிமேல் யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. புதுச் சுருள் நாரில் சோம்பேறிகள் குறைந்துவிட்டன என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அவள் ஒப்பந்தத்தை நீட்டிக்கத் தானே சிபாரிசு செய்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. இப்படியெல்லாம் மனம் கணக்குப் போட்டது.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று மனைவி கேட்டாள். தலைவலி என்றார். போதாததற்கு மச்சான் வேறு போனில் வந்தான். "மாமா, அடுத்த கூட்டம் எங்க? என்னப் பத்திச் சொல்லுவீங்கல்ல?" இழுவை போனை மனைவியிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் அவர் அறைக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சார், வந்துடுச்சு."

"என்னம்மா வந்துச்சு?"

"அந்தக் கோடு. நேத்து சாயங்காலம் மறுபடி இழுத்தேன். நீங்க சொன்ன மாதிரி பசைய நல்லாக் காயவிட்டு..." அவள் நிறுத்தினாள். யோசிப்பதற்காக நிறுத்திய மாதிரி தெரியவில்லை. "நீங்க சொன்னதுதான் சார் சரி. நான் ட்யூப்லைட்தான் போல."

சிரிக்க முயற்சி செய்தாள்.

அவர் தாளை வாங்கினார். கிட்டத்தில் பிடித்தால் தெரியாது என்பதால் கையை நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். பெரிய கோடு நகர்ந்த இடத்தில் ஒரு குட்டி மேடு. ரொம்ப அழகான மேடு. பெரிய கோட்டின் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருக்க, இந்த மேடு மட்டும் மொழுக்கென்று இருந்தது. கண் கெட்டவருக்கும் தெரிந்தது. கருவி வரைந்த கோடு அல்ல அது. நேற்று சாயங்காலம் அந்த அறையில் பழைய விளக்கும் இல்லை. அவள் தானாகவே வரைந்து சேர்த்திருக்கிறாள்.

நேர்மையாக அளந்து, நேர்மையாக வந்து, வரவில்லை என்று சொன்னவள். அவளைப் பொய் வரையவைத்தது யார்? அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லியிருக்கவேண்டும். ஒரு வாக்கியம் போதும். ஊர்ப்பட்ட வாக்கியங்களை இழுத்த வாய், அந்த ஒன்றைச் சொல்லவில்லை.

"நல்லது" என்றார்.

அவள் தாளை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாலு பேர் பீரோ தூக்க, கையை மட்டும் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தவன் மச்சான். அவனாவது பீரோவைக் கீழே போடவில்லை. இவர் அந்தப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டார்.

சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். அறைக்குள் நடந்தார், உட்கார்ந்தார், நடந்தார். மனைவி இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். திங்கட்கிழமை கிளம்பும்போது அவள் வழக்கம்போல கண்ணாடியைப் பைக்குள் வைக்கப்போனாள். அவர் கையை நீட்டி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் வாசல் வரைக்கும் வந்து நின்றாள்.

கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. "ம், ட்யூப்லைட், ஸ்டார்ட் பண்ணுங்க" என்று யாரோ சொன்னார்கள். அவள் கணினியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். திரைக்கான ஒயரைச் செருகப் பார்த்தாள். முதல் தடவை சரியாகச் செருகவில்லை. இழுவை எழுந்தார்.

"ஒரு நிமிஷம்."

இழுவையின் ஒரு நிமிஷம் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்கே இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அந்தப் படத்த இப்பப் போடாதம்மா" என்றார் அவளிடம். பிறகு டைரக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "மேடம், அந்த அசையாத கோடு, அது நாரோடது இல்ல. அது ட்யூப்லைட்."

அறை வெடித்துச் சிரித்தது.

"மறுபடியுமா சார்!" என்று பின்னாலிருந்து ஒருவர் மேஜையைத் தட்டினார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் ஒயரைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அதுவும் அவள்மேலேயே போய் விழுகிறது. நான் சொன்ன சொல் இப்படி எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறதே என்று இழுவை கூனிக் குறுகிப் போனார். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நிற்கவேண்டியிருந்தது. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது.

"சிரிக்காதீங்க" என்றார். "அவங்களச் சொல்லல. விளக்கச் சொல்றேன். மேஜைக்கு மேல நான் ஒரு ட்யூப்லைட் போட்டிருந்தேன். அதோட வெளிச்சந்தான் அந்தக் கோடு. நார எடுத்துட்டு அளந்தாலும் வருது. நான் அணைக்கல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எலக்ட்ரீஷியன்கள் தாழ்வாரத்தில் ஏணியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"விளக்க அணைக்கலையா?" டைரக்டர் அம்மாவால் நம்பமுடியவில்லை. "நீங்களா?"

"கண்ணு தெரியல மேடம். கண்ணாடி போட வெக்கமா இருந்துச்சு. அதான் விளக்கு. இவங்க இருட்டுல அளந்தாங்க, நான் சொல்லிக்குடுத்த மாதிரி. அதனாலதான் இவங்களுக்கு வரல. இவங்க அளந்ததுதான் சரி."

"அப்போ சோம்பேறிச் சங்கிலி?"

"அப்படி ஒண்ணு கிடையாது."

இருந்த ஒரே சோம்பேறி நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அறை சிரிக்கும், கொஞ்சம் இளகும், தனக்கும் லேசாகிவிடும் என்று தெரிந்தது. அதனாலேயே விழுங்கிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

டைரக்டர் அம்மா தன் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "உங்க படத்தப் போடுங்கம்மா" என்றார். அவள் கணினியில் எதையோ மூடினாள், வேறொன்றைத் திறந்தாள். திரையில் வந்தது அவளுடைய பழைய படம். பெரிய கோடு நகர்ந்துபோன இடம் வெறுமையாக இருந்தது. அவள் அதை நாலு வரியில் விளக்கினாள். நாருக்குள் எல்லாச் சங்கிலிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பாரம் சுமக்கின்றன என்றாள். அவள் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாக டைரக்டர் அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். சோம்பேறிச் சங்கிலியைப் பற்றி எழுதியதையெல்லாம் திரும்பப் பெறவேண்டும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் இழுவையின் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தது. வழக்கமாக அவரைச் சுற்றி நிற்கிறவர்கள் போன் பேசுகிற சாக்கில் நழுவினார்கள். இழுவை லேசர் அறையை நோக்கித் தனியாக நடந்தார். கதவருகில் அவள் அவருக்காக நின்றுகொண்டிருந்தாள். நன்றி சொல்லப்போகிறாள், எப்படித் தாங்கிக்கொள்வது என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"எப்ப சார் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வியாழக்கிழமைம்மா."

அவள் யோசித்தாள். "நான் வெள்ளிக்கிழமை வந்தேன்."

"ஆமா."

"அப்போ அந்தப் படத்தப் பார்க்கும்போதே உங்களுக்குத் தெரியும். நான் வரைஞ்சதுன்னு."

"தெரியும்."

"நல்லதுன்னு சொன்னீங்க."

அவர் வாயைத் திறந்தார். இழுத்து இழுத்துப் பேசிய அத்தனை வருஷப் பேச்சில் இதற்கென்று ஒரு சொல் இல்லை. மன்னிச்சிடும்மா என்பது அந்த இடத்தில் நிற்காது என்று அவருக்கே தெரிந்தது.

"எனக்கு முதல்ல கையே வரல சார்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கூட்டத்தில் அளவீட்டை விளக்கிய அதே குரலில் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் வரைஞ்சிட்டு அழிச்சேன். அப்புறம் ஒரு தடவை அழிக்கல. அதுக்கப்புறம் ரொம்ப ஈஸியா இருந்துச்சு. அதான் சார் பயமா இருக்கு."

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். சாத்தினாள். கதவின் கீழ் இடுக்கில் தெரிந்த வெளிச்சம் ஒரு நொடியில் அணைந்தது.

இழுவை வெளியே நின்றார். கதவில் அவர் கையெழுத்து ஒட்டியிருந்தது. 'விளக்கை அணைத்தாயா?' ரொம்ப நாளாகக் கதவருகில் வந்தால் அது அவருக்கு ஒரு மங்கல் கோடாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது கண்ணாடி வழியாக ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.